சாமித் தட்டில் கூண்டுச் சாவி

அக்டோபர் 3, செவ்வாய்

இன்றிலிருந்து கூண்டுச் சாவி என் பொறுப்பு. கூண்டு என்றால் கிளிக்கூண்டு இல்லை, சிலிண்டர் கூண்டு. ஷெட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி, மேலே தகரம், மூன்று பக்கம் கம்பி வலை, நடுவில் ஒரு செங்கல் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் கறுப்பு சிலிண்டர்கள், ஆக்ஸிஜன். அந்தப் பக்கம் அரக்கு நிறத்தில் அசிட்டிலின். இரண்டும் நல்லவைதான், சேர்த்து வைத்தால்தான் ஆகாது.

ஐந்து ரூபாய் செலவழிக்க ஐந்து நாள் யோசிக்கும் எங்கள் முதலாளி ஆறுச்சாமி அண்ணன் இதை ஒரே வாரத்தில் கட்டி முடித்தார் என்றால், பயம்தான் காரணம். போன மாதம் அடுத்த தெருப் பட்டறையில் மூடி போடாமல் நிறுத்தியிருந்த ஒரு சிலிண்டர் சாய்ந்து விழுந்து, கழுத்து ஒடிந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு போய் வெளியே நின்ற ஆட்டோவில் மோதியது. ஒருவருக்குக் கால் போய்விட்டது. சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதைக் கவனித்துத்தான் அண்ணன் சாவியை என்னிடம் கொடுத்திருக்க வேண்டும்.

"பயப்படற ஆளுகிட்டத்தான் அம்மிணி சாவி இருக்கோணும்," என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

முதல் சண்டை மயில்சாமியிடம். நாங்கள் சாயப்பட்டறைகளுக்கு டேங்க் செய்கிறோம். தகட்டை அறுத்துக் கொடுக்கிற கேஸ் கட்டர் அவர். சிலிண்டரை லேசாகச் சாய்த்துத் தலையைப் பிடித்துச் சுழற்றி, கைக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டரை ஒரே நேரத்தில் உருட்டிக்கொண்டு போவார். புது ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஸ்டோர் கணக்குப் பார்க்கிற நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். நின்றார். சிரித்தார்.

"இருவத்தஞ்சு வருசமா உருட்டறனுங்க. ஒருநாளும் கால்ல வுழுந்ததில்லீங்க."

"வுழுந்தா ஒருநாள்தானுங்க வுழுகும். டிராலி எதுக்கு வாங்கி வெச்சிருக்குது?"

டிராலியை எடுத்தார். கம்பெனியில் மற்ற எல்லோரையும் அண்ணா, தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இவரை மட்டும் 'ஏனுங்க' என்றே பழகிவிட்டது. நாக்குக்குச் சோம்பேறித்தனம்.

அக்டோபர் 6, வெள்ளி

ஸ்டோர் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி சாக்பீஸில் எழுதினேன். சிலிண்டரை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், சங்கிலி போட வேண்டும், வேலை முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு மூடி போட வேண்டும், காலி சிலிண்டர் தனியாக நிற்க வேண்டும், திறக்கும்போது நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று மெதுவாகத் திறக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கீழே 'சங்கிலிக் கருப்பு துணை' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுத்து வெல்டர் பிரதீப்புடையது. அழிக்கவில்லை. சாமி பேரை எதற்கு அழிப்பது.

மயில்சாமி இன்றைக்கும் சாப்பாடு கொண்டுவரவில்லை. பேக்கரி பன்னும் டீயும்தான். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். சம்சாரம் இறந்ததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்று பிரதீப் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

அக்டோபர் 10, செவ்வாய்

ஏஜென்சி லாரி வந்தது. டிரைவர் சூசை அண்ணன் வாய் ஓயாத மனிதர். இறக்கி முடித்து டீ குடிக்கும்போது, கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, எண்ணெய் விஷயம் எழுதவில்லையே என்றார். எனக்குப் புரியவில்லை. விளக்கினார். ஆக்ஸிஜன் தானாக எரியாதாம். ஆனால் வாய்ப்பகுதியிலோ ரெகுலேட்டரைத் திருகுகிற மரையிலோ எண்ணெய், கிரீஸ் ஏதாவது பட்டிருந்து, அதன் மேல் உள்ளே இருக்கிற அழுத்தத்தோடு பாய்ந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளுமாம். எரிவது என்றுகூடச் சொல்ல முடியாது, வெடிப்பதுதான். எண்ணெய் என்றால் வண்டி எண்ணெய்தானே என்று கேட்டேன். எந்த எண்ணெயும், தலைக்கு வைக்கிற எண்ணெய்கூட, என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன.

நான் உடனே திரும்பி மயில்சாமியின் தலையைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் நெற்றி வரைக்கும் வழிந்திருந்தது. அந்தக் கையால்தான் தலையை ஒதுக்குகிறார், அதே கையால்தான் ரெகுலேட்டரை மாட்டுகிறார். கூப்பிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன். பழைய கையுறை கிரீஸ் பிடித்துக் கிடந்தது, அதைப் பிடுங்கிக்கொண்டு புது ஜோடி கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு ஒரு ஜோடிதான் கணக்கு. பரவாயில்லை, மற்றவர்களுக்கும் தேவைப்பட்டால் கொடுப்பேன்.

பலகையில் எண்ணெய் பற்றிச் சிவப்பு சாக்பீஸில் சேர்த்திருக்கிறேன்.

அக்டோபர் 14, சனி

ஸ்டோரில் வெக்கை தாங்கவில்லை. ஃபேன் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் ஃபேனை நினைத்துப் பார்க்கவே மூன்று வருஷம் எடுத்துக்கொள்கிறார். ஒரு காகிதம் அசைவதில்லை.

அமாவாசை என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சமைத்துவிட்டேன். மிச்சத்தை டிபன் பாக்ஸில் போட்டு மயில்சாமிக்குக் கொடுத்தேன். வீணாகப் போகக் கூடாதே என்றுதான்.

அக்டோபர் 17, செவ்வாய்

டிபன் பாக்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை.

அக்டோபர் 18, புதன்

மயில்சாமி இப்போதெல்லாம் டிராலியில்தான் கொண்டுபோகிறார். திறக்கும்போது பக்கவாட்டில் நிற்கிறார். திறப்பதற்கு முன் ஸ்டோர் ஜன்னலைப் பார்த்து, "சரிங்களா?" என்று தலையை ஆட்டிக் கேட்கிறார். கிண்டல்தான். நானும் தலையை ஆட்டுகிறேன். கிண்டல் செய்தாவது ஒழுங்காகத் திறக்கட்டும்.

இராத்திரி படுத்தால் கறுப்பு சிலிண்டர் ஒவ்வொன்றாகச் சாய்கிறது. எழுந்து சமையலறை கேஸை மூடியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன்.

அக்டோபர் 20, வெள்ளி

திங்கட்கிழமை ஆயுத பூஜை. அண்ணனுக்கு தீபாவளி பொங்கல் எல்லாம் அப்புறம்தான். ஒரே ஒரு டிரில்லிங் மெஷினோடு ஆரம்பித்த மனிதர். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பூஜையன்று மெஷின்களுக்கு எண்ணெய்க் குளியல். அதை வேறு யாரையும் செய்ய விடமாட்டார். நல்லெண்ணெய்க் கிண்ணமும் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு மெஷினாகப் போய், குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் அவரவர் மெஷினில் அவரவர் ஒரு முறை கை வைக்க வேண்டும். லேத் ஒரு சுற்று சுற்றும், வெல்டர் ஒரு பொட்டு வைப்பான், மயில்சாமி டார்ச்சைப் பற்றவைத்துத் தகட்டில் ஒரு வட்டம் அறுத்துக் கொடுப்பார். அந்த வட்டம் அண்ணன் வீட்டுப் பூஜை அறையில் ஒரு வருஷம் இருக்கும்.

பூஜை சமயத்தில் சிலிண்டர்கள் எப்போதும் ஏதாவது ஒரு சைட்டில்தான் இருக்கும், போன வருஷம் பெருந்துறையில் இருந்தன. தகட்டுத் துண்டைச் சைட்டிலிருந்தே அறுத்து அனுப்பினார்கள். இந்த வருஷம் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. அது எனக்கு மத்தியானம்தான் உறைத்தது. நேராகப் போய் அண்ணனிடம் சொன்னேன், கூண்டுக்குள் எண்ணெய் கூடாது, சூசை அண்ணன் சொன்னது இன்ன மாதிரி என்று. கேட்டுக்கொண்டார். அப்புறம் சிரித்தார்.

"நல்லெண்ணெய் சாமிக்கு ஏத்தற எண்ணெய் அம்மிணி. அது என்ன பண்ணும்?"

சிலிண்டருக்குச் சாமி எண்ணெய், சாத்தான் எண்ணெய் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்றேன். சரி சரி, பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆறுச்சாமி அண்ணனின் 'சரி சரி' எனக்குத் தெரியும். அதே 'சரி சரி'யில்தான் என் ஃபேன் மூன்று வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 21, சனி

கம்பெனி முழுக்கக் கழுவல். நான் கூண்டைப் பெருக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூடி இருக்கிறதா, சங்கிலி இருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டர்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே ஷெல்பில் வைத்துப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். பிரதீப், "பூட்டு வலிக்குதுன்னு சொல்லுதுங்க அக்கா," என்றான்.

தங்கை ரேணு பொள்ளாச்சியிலிருந்து போன். பூஜைக்குக் கண்டிப்பாக வர வேண்டுமாம், கொலு வைத்திருக்கிறாளாம். வேலை இருக்கிறது என்று கூண்டுக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, மயில்சாமி மயில்சாமின்னு எத்தன தடவ சொன்னன்னு எண்ணிட்டே இருந்தன்," என்றாள். அவளுக்கு எப்போதும் விளையாட்டுத்தான். மாமா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, தனியாக எத்தனை நாள் இருப்பாய் என்று ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அக்டோபர் 23, திங்கள்

சரஸ்வதி பூஜையன்று எழுதக் கூடாது. கடைசியில் பொள்ளாச்சிக்கு வந்துவிட்டேன், ரேணு என் பேனாவைக் கொலுப் படிக்குக் கீழே புத்தகங்களோடு வைத்துவிட்டாள். டைரியை ஒளித்து வைத்துக்கொண்டு பென்சிலில் எழுதுகிறேன். பென்சிலைச் சரஸ்வதி கணக்கில் எடுக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையில் கம்பெனிக்குப் போய்விட்டுத்தான் பஸ் ஏறினேன். சாயங்காலப் பூஜைக்காகச் சாமி படத்துக்கு முன்னால் பெரிய தாம்பாளம் வைத்திருந்தார்கள். கம்பெனியில் இருக்கிற எல்லாச் சாவியும் அதில்தான் இருக்க வேண்டும், வருஷா வருஷம் அப்படித்தான். ஷெட் சாவி, வேன் சாவி, பீரோ சாவி எல்லாம் சந்தனப் பொட்டோடு கிடந்தன. அண்ணன் மனைவி தட்டை என் முன்னால் நீட்டினார்கள். நான் இடுப்பிலிருந்து கூண்டுச் சாவியை எடுத்து வைத்தேன். கும்பிட்டேன். குங்குமம் வைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

கிணத்துக்கடவு தாண்டும்போதுதான், நான் என்ன செய்தேன் என்று புரிந்தது. பூட்டி வைத்த கூண்டின் சாவியைச் சாமி பெயரால் நானே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணன் சரி என்றுதானே சொன்னார். சரி சரி என்றார்.

அக்டோபர் 24, செவ்வாய், காலை

பஸ்ஸில் எழுதுகிறேன்.

விடிகாலையில் காபிக்குப் பால் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். அண்ணன் மருமகள் நேற்று இரவு கம்பெனி குரூப்பில் பூஜைப் படங்கள் போட்டிருக்கிறாள். ஒன்றில் அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் கூண்டுக் கதவு திறந்திருக்கிறது. கறுப்பு சிலிண்டருக்கு மாலை போட்டிருக்கிறது. மூடியைக் கழற்றியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். பித்தளைக் கழுத்து பளபளக்கிறது. கறுப்புப் பெயிண்ட் மேல் ஒரு கோடு எண்ணெய் இறங்கியிருக்கிறது. பக்கத்துத் தட்டில் ரெகுலேட்டர்கள், குளித்துவிட்டு வந்தவைபோல.

இன்றைக்கு நல்ல நேரம் ஏழரையிலிருந்து எட்டரை. மயில்சாமி திறக்கப் போகிறார்.

மயில்சாமி போன் சுவிட்ச் ஆஃப். போனும் ஆயுதம்தான் என்று பூஜையில் வைத்தவர், புனர்பூஜை முடியாமல் எடுக்க மாட்டார். அண்ணன் எடுக்கவில்லை. அண்ணன் வீட்டில் எல்லோரும் விடியற்காலையில் மருதமலை போய்விட்டு நேராகக் கம்பெனிக்கு வருவது வழக்கம். மருமகளுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். பிரதீப் எடுக்கவில்லை. குரூப்பில் போட்டேன், யாரும் பார்க்கவில்லை.

ஒத்தக்கால்மண்டபம். பஸ் முகப்பில் நேற்றுக் கட்டிய வாழைக்கன்று இன்னும் ஆடுகிறது. பள்ளியில் சேர்க்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிறது. கண்டக்டரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லுங்கள் என்றேன். விமானமா என்றார். அழுகை வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிறார்கள்.

உக்கடம்.

அக்டோபர் 24, சாயங்காலம்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

உக்கடத்தில் ஆட்டோ பிடித்தேன். காந்திபுரத்தில் நெரிசல். கணபதி திரும்பும்போது கம்பெனிப் பக்கமிருந்து சத்தம் ஏதாவது வருகிறதா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டில் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஷெட்டுக்கு நடுவில் சிலிண்டர் நின்றது. சுற்றிலும் அண்ணன் குடும்பம், வேலையாட்கள், ஒரு தட்டில் கற்பூரம். மயில்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். ரெகுலேட்டரை மாட்டிவிட்டார். வால்வைத் திறக்கிற சிலிண்டர் கீயை மாட்டி ஒரு கையால் பிடித்திருந்தார். பக்கவாட்டில் அண்ணன் வீட்டார் நின்றதால் அவர் நேர் எதிரே நின்றார்.

"ஏனுங்க," என்று கத்தினேன். "தொறக்காதீங்க."

அத்தனை ஆண்கள் நின்ற இடத்தில் 'ஏனுங்க' என்றால் யார் வேண்டுமானாலும் திரும்பியிருக்கலாம். அவர்தான் திரும்பினார். அண்ணன் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். கைக்குட்டையால் சிலிண்டர் கழுத்தைத் தொட்டு எல்லோருக்கும் காட்டினேன். மஞ்சளாக எண்ணெய் ஊறியிருந்தது. துடைத்தால் போதாது, மரைக்குள் போயிருக்கும், ஏஜென்சிக்காரர்கள் வரும் வரை யாரும் தொடக் கூடாது என்றேன். அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. கோபம்கூட இல்லை, வருத்தம். முப்பது வருஷமாகத் தன் கையால் குளிப்பாட்டிய மெஷின்களில் ஒன்றாவது தன்னைக் கடித்திருக்கிறதா என்று கேட்டார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் முன்னால் வந்தார்.

"மயிலு, நீ தள்ளு. நானே தொறக்கறன்."

மயில்சாமி தள்ளவில்லை. கீயையும் விடவில்லை. முதலாளி பேச்சை மீறியும் பழக்கம் இல்லை, திறக்கவும் முடியவில்லை, அப்படியே நின்றார். நான் போய் அவர் கையோடு சேர்த்துக் கீயைப் பிடித்து உருவிக்கொண்டேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"அதக் குடுத்துட்டுப் போ வசந்தாமணி. எடுத்துட்டுப் போனா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

அம்மிணி என்று கூப்பிடாமல் அண்ணன் என் பேரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் கீயோடு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். எட்டரை மணி தாண்டும் வரை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்தேன். பூசணி விதை செருப்பில் ஒட்டியிருக்கிறது.

அக்டோபர் 25, புதன், காலை

வேலை இல்லை. வீட்டைக் கழுவினேன். கழுவியதையே இன்னொரு முறை கழுவினேன்.

சிலிண்டர் கீ ஊரில் இல்லாத பொருளா? பக்கத்துப் பட்டறையில் கேட்டால் கொடுப்பார்கள். இன்றைக்கும் அண்ணன் திறக்கச் சொன்னால் மயில்சாமி மாட்டேன் என்று சொல்வாரா? சொல்லத் தெரியாத மனிதர். போன் பண்ணலாம். என்ன என்று பேசுவது.

மத்தியானம்

தெருவில் ஆம்புலன்ஸ் போனது. வாசலுக்கு ஓடினேன். வேறு பக்கம் திரும்பிவிட்டது. அரிசி ஊறப் போட்டதை மறந்து மறுபடியும் ஊறப் போட்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான், வேறு எழுத ஒன்றும் இல்லை.

இரவு

இருட்டுகிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள். மயில்சாமி. கையில் என் டிபன் பாக்ஸ், கழுவி, உள்ளே பூஜைப் பொரியும் கடலையும். சிலிண்டர் கீயை வாங்கிக்கொண்டு போக வந்ததாகச் சொன்னார். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

இன்றைக்குச் சூசை அண்ணன் லாரியோடு வந்தாராம். கழுத்தில் எண்ணெயைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். சிலிண்டரை லாரியில் ஏற்ற மாட்டேன், கேஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்க்கட்டும் என்று தனியாக நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டாராம். அண்ணன் சும்மா இருக்காமல், நேற்றுத் தானே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாராம். இந்நேரம் உங்கள் போட்டோவைப் பார்த்துத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்றாராம் சூசை அண்ணன். அண்ணன் அப்படியே தகட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாராம்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. காபி வைக்க எழுந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"ரெகுலேட்டரக் கையில எடுத்தப்பவே எனக்கு நல்லெண்ணெய் வாசம் வந்துச்சுங்க."

திரும்பிப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுட்டேவா தொறக்கப் போனீங்க?"

"சாமி காரியம். அண்ணன் ஆசையாப் பூசியிருக்கறாரு. அத்தன பேரு முன்னால எப்பிடிங்க சொல்றது? ஆனா ஆவுது, போனாப் போவுதுன்னு நெனச்சனுங்க. என்னையக் காத்துட்டு வூட்ல யாருங்க இருக்கறாங்க."

நான் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுதப் போவதில்லை. பக்கத்து வீட்டு அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருபத்தைந்து வருஷம் கேஸ் பிடித்த மனிதர், மூக்குக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல மாட்டாராம், உயிரைக் கொடுப்பாராம். நேற்றுப் பஸ்ஸில் நான் பட்ட பாட்டுக்கு என்ன பேர்? யாரும் இல்லையாம். திட்டிக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அவர் எழுந்து நின்றார், என்ன செய்வது என்று தெரியாமல் பொரி டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

அப்புறம் தோசை ஊற்றினேன். சாப்பிட்டார். கீயைக் கொடுத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, "இனிமே எண்ணெய் வாசம் வந்தாச் சொல்லிப்போடறனுங்க," என்றார். சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார்.

அக்டோபர் 27, வெள்ளி

காலையில் அண்ணனே போன் செய்தார். வேலைக்கு வர வேண்டாம் என்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஸ்டோர் பூட்டிக் கெடக்குது அம்மிணி, ஆளுக வெல்டிங் ராடு கேக்கறாங்க," என்றார். போனேன். கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். கூண்டுச் சாவியை நீட்டினார். அதில் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். அடுத்த வருசம் கூண்டுக்கு வெளியவே நின்னு பூப் போட்டுக்கறன், போதுமா?"

போதும் என்றேன். அவர் கண்ணில் தூக்கம் இல்லாதது தெரிந்தது. இனி அவரும் என் கூட்டாளிதான்.

மத்தியானம் புது சிலிண்டரும் புது ரெகுலேட்டரும் வந்தன. விட்டுப்போன முதல் கையை இன்றைக்கு வைத்துவிடலாம் என்றார் அண்ணன். கற்பூரம் தூரத்தில் எரிந்து அணைந்த பிறகுதான் சிலிண்டரை டிராலியில் கொண்டுவந்தார்கள். மயில்சாமி சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். பக்கவாட்டில் நின்றார். கீயில் கை வைத்துவிட்டு ஸ்டோர் ஜன்னலைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை, காத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன். மெதுவாகத் திறந்தார். ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி முழுக்கக் கைதட்டியது, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அறுத்த வட்டத்தை அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை. நல்ல நேரத்தில் அறுத்தது இல்லையே, சாமிக்கு ஆகாது என்றார். ஆறிய பிறகு மயில்சாமி அதை உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ரசீதெல்லாம் காற்றில் பறக்கிறது, அதன் மேல் வைத்திருக்கிறேன். ஃபேனே இல்லாத ஸ்டோரில் எப்படி அக்கா பறக்கும் என்று பிரதீப் கேட்டான். போய் வேலையைப் பார் என்றேன்.

நாளைக்கு இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். கத்தரிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன்.